டீக்கடைப் பாட்டுக்கு லைசன்ஸ்

படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் குழப்பம்தான். எழுத்தும் கோணல்.

கோட்டைக்குப்பத்தில் ஏரிக்கரையோரம் டீக்கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. அதனால் கடை திறந்ததும் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவேன். வருகிறவர்கள் பாட்டைக் கேட்பார்கள். என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஆவணியில் பாட்டுக் கம்பெனிகள் சார்பில் ஒருவர் வந்து டீ குடித்துவிட்டு, கடையில் பாட்டுப் போட லைசன்ஸ் வாங்க வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார். போன் நம்பர் அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார். அப்போதே ஸ்பீக்கரை நிறுத்தினேன். போன் செய்யத்தான் தைரியம் வரவில்லை.

பாட்டு நின்றதும் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"இன்னா மாமா, வாய்க்கும் லைசன்ஸ் இல்லியா?" என்றான், தினமும் வரும் வலைக்காரன் ஒருவன்.

வேறு வழியில்லாமல் காற்று, இறால் என்று இரண்டு வார்த்தை பேசினேன். அதற்கே சட்டை நனைந்துவிட்டது.

நான்காம் நாள் என் மனைவி பொறுக்காமல் தானே நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, போனை என் கையில் திணித்தாள். ஒரு பெண் பேசினார்.

"கடையில எத்தனை பேர் உட்காரலாம் சார்?"

"ரெண்டு பெஞ்சு மேடம். எட்டு பேரு."

"கவுத்துப் போட்ட படக வுட்டுட்டியே மாமா!" என்று கத்தினான் வலைக்காரன். "அதுல பத்து பேரு குந்துறோமே!"

"படகா?" என்றார் அந்தப் பெண்.

"ஓட்டைப் படகு மேடம், கடைக்கு எதிர்ல கெடக்குது. காத்து அடிச்சாதான் அதுல ஆளு. இல்லன்னா எல்லாரும் ஏரிக்குப் பூடுவாங்க. நான் மட்டும் குந்தினு இருப்பேன்."

"அப்ப பாட்டு யாருக்கு சார்?"

"எனக்குத்தான் மேடம்."

கடையே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார். அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன்.

"யோவ், அந்தம்மாவுக்கு வேற வேல இல்லியா?" என்று மனைவி போனைப் பிடுங்கினாள்.

படகு கணக்கில் சேரவில்லை. பணம் கட்டினோம், ஐப்பசியில் லைசன்ஸ் வந்தது. டீத்தூள் டப்பாக்களுக்கு மேலே ஒட்டிவிட்டு, பாட்டைச் சத்தமாகப் போட்டேன். வலைக்காரன் எழுந்து வந்து சத்தத்தைக் குறைத்தான்.

"அது பாட்டுக்கு ஓரமா பாடட்டும் மாமா. அந்தம்மா அப்புறம் இன்னா சொல்லிச்சி, அதச் சொல்லு."

பதினோராவது தடவையாக, முதலிலிருந்து சொன்னேன்.

எழுத உட்கார இவ்வளவு நாளாகிவிட்டது. இன்று கார்த்திகை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை.