இரண்டு பேருக்கும் ஒரே கல்வெட்டு

நல்ல எழுத்தை வாசித்தால் மனம் நிறைகிறது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு வருவது எரிச்சல்தான். சென்ற வருடம் யாழ்ப்பாண நூலகத்திலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து வந்தேன். அதில் ஒரு பெண், மழை வரப்போகிறது என்று கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளுகிறாள். ஒரு சட்டையை மட்டும் விட்டுவிட்டு உள்ளே போகிறாள். ஏன் விட்டாள் என்று எழுதியவர் கடைசிவரை சொல்லவே இல்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்துக்கும் குசினிக்குமாக நடந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அப்போது நான் கடைசியாகக் கதை எழுதி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பேன், கொப்பி திருத்துவேன், வீட்டுக்கு வந்து வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். எழுதாமல் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. கல்வெட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாட்டோடு ஒரு சிறு புத்தகமும் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், தேவாரம், வம்சாவளி, வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும். அதைத்தான் கல்வெட்டு என்போம். கோப்பாயில் எங்கள் குறிச்சியில் வாழ்க்கை வரலாறு எழுத என்னைத்தான் தேடி வருவார்கள். கதை எழுதுகிற ரீச்சர் என்று ஒரு பெயர். உண்மையில் என்னுடைய கணினியில் ஒரே ஒரு வரலாறுதான் இருந்தது. பெயரையும் ஊரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும். எல்லோரும் இன்முகத்தோடு பழகினார்கள், விருந்தினரை உபசரித்தார்கள், உடன்பிறந்தாரோடு ஒற்றுமையாக வாழ்ந்து இறைபதம் எய்தினார்கள்.

இந்த மாசியில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்த ஒரு தோட்டக்காரர் மாரடைப்பில் போனார். அவருடைய மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். வீட்டிலிருந்து உடுப்புத் தைப்பவர். அவர் கேட்டு மூன்றாம் நாளே வரலாற்றை அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பின்னேரம், ஒருதரம் வந்துவிட்டுப் போகச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, கொஞ்சம் பெருமையோடுதான் போனேன்.

தையல் மெசினின் மேல் என் தாள் இருந்தது. பக்கத்தில் ஒரு பழைய கல்வெட்டும் திறந்து கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னர் இறந்த, கணவரின் தமையனுடையது. அதையும் எழுதியவள் நான்தான். இரண்டிலும் ஒன்றாக இருந்த வரிகளுக்குக் கீழே, துணியில் குறி போடுகிற நீலச் சோக்கால் கோடு இழுத்திருந்தார். கோடு இல்லாத இடம் குறைவு.

"ரீச்சர், இவை ரண்டு பேரும் ஒரே ஆளோ?" என்று கேட்டார்.

என் முகம் எரிந்தது. அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. அந்தச் சகோதரர்கள் ஒன்பது வருடமாக முகம் பார்க்காதவர்கள் என்பது ஊருக்கே தெரியும். தோட்டக் கிணறு இரண்டு பேருக்கும் பங்கு. யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பதில் தொடங்கிய பிரச்சினை, பேச்சுவார்த்தை இல்லாமல் போய் முடிந்தது. அதைத் தெரிந்துகொண்டும் நான் இரண்டு பேரையும் ஒற்றுமையாக வாழ வைத்திருக்கிறேன்.

அவர் சத்தம் போடவில்லை. தேத்தண்ணி தந்தார். பிறகு சொன்னார்:

"உங்கடை கதையள் வாசிச்சிருக்கிறன். அதிலை ஆக்கள் நடமாடுகினம். இதிலை என்ரை மனிசன் எங்கை?"

அவர் மெசினில் கிடந்த நூலைச் சுற்றியபடி இன்னும் ஒன்று சொன்னார்.

"தமையன்ரை செத்தவீட்டுக்கு இவர் போகேல்லை. ஆனா எட்டாம் நாள் செலவு முடியுமட்டும் கிணத்து மோட்டரிலை கை வைக்கேல்லை. எங்கடை முறை ரண்டு தரம் வந்து போச்சு. வெங்காயம் முழுக்க வாடிச்சுது. ஏனெண்டு நான் கேக்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. அதை எழுதேலுமோ?"

தமையன் வீட்டு ஆட்களும் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. முப்பத்தோராம் நாளுக்குத் தமையனின் மனைவிக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். வருவாரோ தெரியாது. வந்தால் அவருடைய கையில் போகப்போவது என்னுடைய எழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். பிழையாக எழுதினால் செத்த இரண்டு பேரையும் சபையில் வைத்து அவமானப்படுத்தினதாகிவிடும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் இறைக்கவில்லை? கோபமா, துக்கமா, ரோசமா? போகாமல் விட்டதற்குத் தன்னைத் தானே தண்டித்தாரா? வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்க நான் வேறு எதையோ சொன்னேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கிணற்றடியில் நின்றேன். கிணற்றுக் கட்டின் இரண்டு பக்கத்திலும் இரண்டு மோட்டர்கள். தண்ணீர் ஒன்றுதான். ஆறு தரம் எழுதிக் கிழித்தேன். அவ்வளவு பதற்றத்திலும் ஒன்று விளங்கியது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு எனக்கு எழுத வேண்டும் போல இருந்தது.

வியாழக்கிழமை ஒரே ஒரு பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். பிறகு நீலச் சோக்கை எடுத்துக் கடைசி வரியை வெட்டினார். 'வாயால் சொல்ல முடியாத பாசத்தை அவர் தண்ணீரால் சொன்னார்' என்பது அந்த வரி. அதைத்தான் நான் மிகவும் விரும்பி எழுதியிருந்தேன்.

"அது உங்களுக்குத் தெரியாது, ரீச்சர். எனக்கும் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். படலையைத் திறக்கும்போதுதான் அந்தக் கொடியில் விட்ட சட்டை நினைவுக்கு வந்தது. அந்த வரியில்லாமலே அச்சகத்துக்கு அனுப்பினேன்.

முப்பத்தோராம் நாள் தமையனின் மனைவி வந்தார். பந்தலுக்குள் வராமல் படலையோரம் கிடந்த கடைசிக் கதிரையில் அமர்ந்தார். சாப்பிடாமல் போகிற ஆயத்தம். யாரோ கல்வெட்டை அவருடைய கையில் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்தார், பக்கங்களைப் புரட்டினார், பிறகு ஒரு பக்கத்தில் நிறுத்தி வாசித்தார். அவர் எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே குசினி வாசலுக்குப் போனார். சண்டைதான் என்று நானும் பின்னால் ஓடினேன்.

"உண்மையாவே இறைக்கேல்லையோ, தங்கச்சி?"

"ஓம்."

"நாங்கள் உங்கடை மோட்டர் பழுதெண்டு நினைச்சனாங்கள். உங்கடை முறையிலையும் நாங்கள்தான் இறைச்சது."

சொல்லிக்கொண்டே தமையனின் மனைவி குசினி நிலத்திலேயே இருந்துவிட்டார். தம்பியின் மனைவி வாழை இலை ஒன்றை எடுத்துத் துடைத்து அவருக்கு முன்னால் போட்டார்.

நான் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் இருந்த அந்தப் பழைய வரலாற்றை அழித்தேன். அடுத்த செத்தவீட்டுக்காரர் வந்து கேட்டால் என்ன எழுதுவேன் என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.