நான் தூர்த்த பள்ளம்

எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதம். காரைக்காலில் விழிதியூர்ப் பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் நிலம். அதை ஒட்டி வடிகால் வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் என் பட்டாவிலேயே ஒரு பள்ளம் கிடந்தது. வருடம் முழுக்கச் சேறும் கோரையும்தான். பாம்பு வரும், எலி வரும், அறுவடை இயந்திரம் திரும்ப இடம் இருக்காது. அந்த வருடக் கோடையில் பொக்லைன் வைத்துக் கோரையை வேரோடு பெயர்த்து வரப்போரம் குவித்தேன். பள்ளத்தில் சவுடு மண் கொட்டித் தூர்த்தேன். வயல் சதுரமாகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முன்பெல்லாம் ஐப்பசி மழை நாள் கணக்கில் நின்று பெய்யும். இப்போது மாதத்து மழை முழுவதும் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. மேட்டு வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்டதால் தண்ணீர் எங்கும் தங்காமல் நேராக எங்கள் வாய்க்காலுக்குத்தான் ஓடி வருகிறது. அந்த ஐப்பசியிலும் ஒரு ராத்திரி அப்படித்தான் கொட்டியது. காலையில் நான் போய்ப் பார்த்தபோது, பள்ளம் இருந்த மூலையில் கரை உடைந்திருந்தது. நான் கொட்டிய சவுடு கரைந்து, கீழ் வயலில் பரவிக் கிடந்தது. அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்பவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண். நட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பாதி நடவு மண்ணுக்குள் போய்விட்டது. உடைப்பை அடைக்காவிட்டால் மீதியும் போய்விடும்.

கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் மழையைத் திட்டினார், இன்னொருவர் மனை போட்டவர்களைத் திட்டினார். என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்தான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “மழ பெய்யற மானத்து மேல கேசா போட முடியும்? மூட்டையத் தூக்குங்க” என்றார்.

போட்ட மணல் மூட்டை ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு போனது. நாலாவது மூட்டையும் போனபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“மழை மட்டும் இல்லைங்க. பள்ளத்தத் தூத்தது நாந்தான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏண்ணே, வாயத் தொறக்காத மனுசன்னு ஊரே சொல்லுது. வாயத் தொறக்காமயே எம் பயிர முழுங்கிட்டீங்களே!”

யாரோ சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. ஆனால் அடுத்த மூச்சிலேயே அவர் கேட்டார்: “பேத்த கோரைய எங்க போட்டீங்க?”

வரப்போரக் குவியலைக் காட்டினேன். மழை ஈரத்தில் அது மறுபடி பச்சையாகத் துளிர்த்திருந்தது. மூங்கில் கழிகளை இரண்டு வரிசையாக அடித்து, நடுவில் கோரையின் வேர்க்கட்டிகளை நெருக்கி அடுக்கி, அதன் மேல் மூட்டை போடச் சொன்னார். நான் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கினேன். மதியம் என் கால் விறைத்துப்போனதைப் பார்த்து, மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “இது அடையாம ஏற மாட்டேங்க” என்றேன். நாலு பேர் கேட்க நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றுதான்.

சாயங்காலத்துக்குள் உடைப்பு அடைபட்டது. பாதி வயல் பிழைத்தது. போன பாதிக்கு என்னிடம் கட்டுக் கட்டாக மீந்திருந்த நாற்று முடிகளைத் தருவதாகச் சொன்னேன்.

“நாத்தும் குடுங்க, பள்ளத்தயும் தோண்டுங்க. இல்லன்னா அடுத்த மழைக்கு ஒங்க வூட்டுக் கூடத்துல வந்து நடவு நடுவேன்” என்றார்.

நான் வீண் இடம் என்று நினைத்த பள்ளத்தில்தான் இத்தனை காலமும் வெள்ளம் வேகம் அடங்கி, வண்டலை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. இன்றும் சதுரமான வயலைப் பார்த்தால், வெள்ளம் வந்தால் இங்கே எங்கே போய் நிற்கும் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.

மறுநாள் மழை இல்லை. காலையில் நாற்று முடிகளைக் கொண்டுபோய் அவர் வயலில் வைத்தேன். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தைத் தோண்டத் தொடங்கினேன். அன்று இரண்டு முழம்தான் முடிந்தது.