கிடாவைக் கட்டாத வாரம்

என் வீட்டுக்காரருக்கு மிருகங்களிடம் இருந்த பொறுமையில் கால்வாசி மனுஷர்களிடம் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் சதை போட்டிருப்பேன். வீட்டில் குழம்பு ஆறிப்போனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். வேலை செய்யும் இடத்தில் குரங்கு அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தால் சிரித்துக்கொண்டு நிற்பார். என்னத்தைச் சொல்ல.

எழுபதுகளின் தொடக்கம் அது. பாசிர் ரிஸ் பக்கம் கடலோரக் கிராமம் ஒன்றில், கம்போங் என்போம், தகரக் கூரை வீட்டில் இருந்தோம். இன்றைக்கு அங்கே எம்ஆர்டி ரயில் வந்துவிட்டது, கம்போங் இருந்தது என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. எங்கள் வீட்டுக்கு அப்பால் ஓர் ஓடை, அது போய்ச் சேரும் இடத்தில் சேறும் நீப்பா மரங்களும், அதற்கு அப்பால் கடல். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒருவர் ஒரு தோப்பை வாடகைக்கு எடுத்து மிருகங்களை வைத்திருந்தார். மலாயாக் காடுகளில் பிடித்ததைக் கொண்டுவந்து, கப்பல் வரும்வரை தீனி போட்டு, பிறகு எங்கெங்கோ அனுப்பிவிடுவார். தீனி போடுவதுதான் என் வீட்டுக்காரரின் வேலை.

ஒருநாள் ஜொகூர்க் காட்டிலிருந்து ஒரு கருஞ்சிறுத்தை வந்தது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

"இந்தா புள்ள, இன்னிக்கு என்ன செஞ்சிச்சு தெரியுமா? நான் தட்ட வைக்கிறதுக்குள்ள வலது கைய கம்பிக்குக் கீழ விட்டு இழுக்குது. கொஞ்சங்கூட பொறுமையே இல்ல. அப்படியே ஒன்னாட்டம்."

"கூண்டுல போட்டு அடைச்சு வச்சுட்டு பொறுமையப் பத்தி பேசுறீங்களா?" என்றேன்.

அந்தப் பேச்சு அவருக்கு உறைத்துவிட்டது. ஜொகூரில் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அங்கே கருஞ்சிறுத்தை காட்டோரமாக வரும், நாயைத் தூக்கும், போகும். அதற்காக யாரும் தோட்டத்தை விட்டு ஓடியதில்லை. காட்டில் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து தட்டில் கறி வைப்பது அவருக்கே பிடிக்கவில்லை. ஆனால் வேறு வேலையும் இல்லை.

பிறகு ஒரு பெருமழை. மரக்கிளை முறிந்து கூண்டின்மேல் விழுந்தது. காலையில் பார்த்தால் கூண்டு காலி.

முதலாளி நடுங்கிப்போனார். வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று அவருக்குப் பயம். துப்பாக்கி வைத்திருக்கிற ஆளைக் கூட்டி வருகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் அவர் காலில் விழாத குறை. "ஒரு வாரம் குடுங்க. கூண்டு வச்சு உசுரோட பிடிச்சுத் தாரேன்." முதலாளியும் சம்மதித்து, உயிரோடு கிடைத்தால் ஜொகூர்க் காட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன், அந்த ஜந்துவால் எனக்கு ராசியில்லை என்றாராம். அந்த வாக்கு நிஜமா பொய்யா என்று சோதித்துப் பார்க்கிற வாய்ப்பு எங்களுக்கு வரவேயில்லை. என் வீட்டுக்காரர் நம்பினார். அவர் நம்பியதால் நானும் நம்பினேன்.

அவர் வீடு வீடாகப் போனார். வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனுஷன் அந்த வாரம் பேசிய பேச்சு இருக்கிறதே, அடேயப்பா! மலாய்க்காரர்களிடம் மலாயில், ஓடைக்கு அக்கரையில் பன்றி வளர்த்த சீனர்களிடம் உடைந்த சந்தை மலாயில், எங்கள் ஆட்களிடம் கத்தல். பொழுது சாய்வதற்குள் ஆட்டையும் கோழியையும் உள்ளே அடைக்கணும். நாயை வெளியே கட்டக்கூடாது. வாசலில் விளக்கு எரியணும். ஓடைப்பக்கம் போனால் இரண்டு பேராய்ப் போகணும், தகரத்தைத் தட்டிக்கொண்டே போகணும். கண்டால் ஓடக்கூடாது, கல்லெறியக்கூடாது.

"அது நம்மளத் தேடி வரல. நாமதான் அத தூக்கிட்டு வந்தோம். தீனி கெடைக்காம போனா கூண்டுல வச்சிருக்கிற கறிக்கு வந்துரும். பசியோட இருக்கணும், அவ்வளவுதான்."

மண்ணெண்ணெய் வாங்கப் போனபோது கடை பாய் என்னிடம் சிரித்தார். "ஒங்க வீட்டுக்காரர் சிறுத்தைக்கு எலெக்‌ஷன் வேலை பாக்குறாரு லா. ஓட்டு எல்லாம் விழுந்துரும் போல இருக்கு."

விழுந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கம்போங் தலைவர், மலாய்க்காரர், வயதானவர், தானே ஆடுகளை எண்ணி அடைத்தார். சாயங்காலமானால் கம்போங் முழுக்கத் தகரச் சத்தம், விளக்கு வெளிச்சம். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, யாரும் தடியை எடுக்கவில்லை.

சிறுத்தை யார் வீட்டுப் பக்கமும் வரவில்லை. காலையில் ஓடை முகத்துவாரத்துச் சேற்றில் மட்டும் அதன் கால்தடம் இருக்கும். கடலை நோக்கிப் போய், அலை நனைக்கும் இடத்தில் நின்று, திரும்பி வந்திருக்கும். நானும் அவரோடு போய்ப் பார்த்தேன்.

"தண்ணி குடிக்க வருது," என்றார்.

"உப்புத் தண்ணியையா?"

"அதுக்கு என்ன தெரியும், பாவம்."

அதற்குமேல் நாங்கள் யோசிக்கவில்லை.

இனிமேல்தான் கிடாவின் கதை. என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, நாலு வீடு தள்ளி இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஜன்னி கண்டு, பிழைக்காது என்று எல்லாரும் கைவிட்ட நேரத்தில், நாத்தனார் மாதாவுக்கு ஒரு கிடாவை நேர்ந்துகொண்டாள். குழந்தை பிழைத்தது. தேக்கா பக்கத்தில் இருந்த எங்கள் மாதா கோயிலின் திருநாளுக்கு அந்தக் கிடாவை அறுத்துச் சமைத்து ஊருக்கே அசனம் போடுவதாக வேண்டுதல். காதில் நறுக்கி, கழுத்தில் நீல ரிப்பன் கட்டி விட்டிருந்தாள்.

நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் கட்டமாட்டார்கள், அடைக்கமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். அது மாதாவின் ஆடு. எந்த வீட்டு முருங்கையையும் மேயும், என் துவைத்த சேலையைக்கூட மென்றிருக்கிறது. ஏச முடியாது. மலாய்க்காரர்கள்கூட அதற்கு ரொட்டி போடுவார்கள். அந்த வாரம் என் வீட்டுக்காரர் தங்கை வீட்டுக்கும் போனார், கோழிக்கூட்டுக் கதவைத் தானே இழுத்துப் பார்த்தார், வாசலில் படுத்திருந்த கிடாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். கிடாவையும் உள்ளே போடு என்று அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. எங்கள் யார் கண்ணுக்கும் அது ஓர் ஆடாகவே தெரியவில்லை. சிறுத்தைக்கு மட்டும்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நீப்பா மரத்தடியில் பாதி கிடா கிடந்தது. ரிப்பன் மட்டும் அப்படியே இருந்தது.

நாத்தனார் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆட்டுக்காக அழவில்லை அவள். "மாதா கேட்டா, நான் குடுக்கல அண்ணி. இப்ப எதக் கேப்பா? எதக் கேப்பா சொல்லுங்க!" என்று குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். குழந்தை மூச்சுத் திணறி வீறிட்டது.

என் வீட்டுக்காரருக்கு உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது. அடித்த இரையைத் தேடி சிறுத்தை திரும்பி வரும். மிச்சத்தைக் கூண்டுக்குள் வைத்தால் வேலை முடிந்தது. அதை அப்போதே வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தார்.

"சாமிக்கு விட்ட ஆட்ட கூண்டுல வைக்கிறதா? அண்ணே, நீ மனுஷனா?"

நான் குறுக்கே புகுந்தேன். "ஃபாதரப் போயி கேப்போம். அவரு என்ன சொல்றாரோ அதச் செய்வோம். இப்பவே பஸ் ஏறலாம்."

நாத்தனார் புருஷன் சாதுவான ஆள், எதற்கும் தலையாட்டுகிறவர். அவர்தான் சொன்னார், "எப்படியும் ஞாயித்துக்கிழம பூசைக்குப் போறோம்ல. அப்ப கேட்டுக்கலாம். அதுவரைக்கும் யாரும் அதத் தொட வேண்டாம், மச்சான்."

"சரி மாப்பிள்ள," என்றார் இவர். தங்கை அழுகிறாளே என்று விட்டுக்கொடுத்தார். தென்னை ஓலையால் மிச்சத்தை மூடிவிட்டு வந்தார்கள். அந்தச் 'சரி'யை நினைத்துத்தான் பிற்பாடு அவர் தூக்கமில்லாமல் கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஃபாதரைப் பிடித்தோம். நாத்தனார் அழுது அழுது சொல்லி முடித்தாள். அவர் குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சிரித்தார். "மாதா என்ன ஆட்டு யாவாரியா? பிள்ள நல்லா இருக்கு, அவங்களுக்கு அது போதும். ஒன்னால முடிஞ்சா ஏழைக்கு ஒருநேரம் சோறு போடு. அந்த மிச்சக் கறிய வச்சு மிருகத்த உசுரோட பிடிக்க முடியும்னா பிடிங்க. அதுவும் நல்ல காரியம்தான்."

அவ்வளவுதான். அதைக் கேட்க இரண்டு நாள் காத்திருந்தோம்! நாத்தனாரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பஃபலோ ரோட்டில் குழந்தைக்கு ஒரு முழம் பூ வாங்கி வைத்தாள், அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். "போயி கூண்டுல வையண்ணே. அந்தச் சிறுத்தையாவது நல்லபடியா வீடு போய்ச் சேரட்டும்."

அப்போதுதான் அவள் புருஷனைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"மச்சான்," என்றார். "நேத்து சாயங்காலம்... அவ ரெண்டு நாளா கண்ண மூடல, புள்ளயக் கீழயே வைக்கல. எனக்குப் பாக்கச் சகிக்கல, மச்சான். அது செத்துட்டா அவ பயம் தீரும்னு அந்தக் கறியில பூச்சி மருந்து ஊத்திட்டேன்."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்காரர் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஓடினார். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓலை விலகிக் கிடந்தது. கறி இல்லை. கால்தடம் ஓடையோரமாகவே போயிற்று, நடுவில் நிறைய இடத்தில் உருண்டு புரண்டிருந்தது. முகத்துவாரத்துச் சேற்றில், தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் அது கிடந்தது. நல்ல வெயில். அந்த வெயிலில் பார்த்தால் அதன் கறுப்புக்குள்ளே பூப்பூவாய்ப் புள்ளிகள் இருந்தன. அத்தனை நாள் அவர் வாயால் கேட்டதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

அவர் கத்துவார், மாப்பிள்ளையை அடிப்பார் என்று பயந்தேன். சேற்றில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வலது முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வேறொன்றும் செய்யவில்லை. கம்போங் தலைவர் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். ஊரே விளக்கேற்றிக் காத்தது, ஐயோ, ஒரே ஒரு பயத்தில் எல்லாம் போயிற்று.

முதலாளி தோலுக்காகத் தூக்கிக்கொண்டு போனார். தோலுரித்த ஆளிடம் மாப்பிள்ளை ஒரு நகம் கேட்டு வாங்கினாராம். சிராங்கூன் ரோட்டில் தங்கப் பூண் போட்டுக் குழந்தையின் கழுத்தில் மாட்டினார். நம் ஆட்களுக்குத்தான் தெரியுமே, அந்த நகம் கழுத்தில் கிடந்தால் பிள்ளைக்குப் பயம் அண்டாது, ஜன்னி வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"கொன்னது பத்தாதுன்னு கழுத்துல வேற மாட்டிட்டீங்களா?" என்று தங்கையிடம் கேட்டார். அவளோடு அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான், ரொம்ப காலத்துக்கு. அந்த வேலையையும் விட்டார். கம்போங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, எங்களுக்கு ஆங் மோ கியோவில் வீடு கிடைத்தது. நல்ல நாளில் நான் மட்டும் நாத்தனார் வீட்டுக்குப் போய் வருவேன். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கல்லோடு பேசலாம், அந்த மனுஷனோடு பேச முடியாது.

எண்பதுகளின் கடைசியில் பாசிர் ரிஸ்ஸிலேயே புது அடுக்குமாடி புளோக்குகள் கட்டினார்கள். நாத்தனாருக்கு அங்கே வீடு கிடைத்தது. வீடு மந்திரிப்புக்கு, புது வீட்டுக்கு ஃபாதர் ஆசீர்வாதம் செய்கிற நாளுக்கு, கூப்பிட எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது. கைக்குட்டையை அவிழ்த்து அந்த நகத்தை அண்ணன் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, இத நீ வச்சுக்க. ஒம் மருமக படிச்ச புள்ள, எல்லாம் தெரிஞ்சவ, இனிமே போட மாட்டேங்குறா. ஒங்கிட்ட குடுக்கச் சொன்னதே அவதான். நீ வீட்டுக்கு மட்டும் வந்துரு."

அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தட்ட இழுக்கிற கை," என்றார். பிறகு, "எத்தனாம் மாடி?" என்று கேட்டார். நாத்தனார் அழுதுவிட்டாள். நான் காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

போனோம். ஃபாதர் மந்திரித்து முடித்ததும், மாப்பிள்ளை ஒரு மூலையில் கைகட்டி நின்றார். இவர் போய் அவர் தோளில் கை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். பத்தாவது மாடி. கீழே எங்கள் ஓடைக்குக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். அது கடலில் சேரும் இடம், கடல், உபின் தீவு, அதற்கு அப்பால் ஜொகூர்க் கரை, எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரிந்தன. கம்போங்கில் இருந்தவரை நீப்பா மரம் மறைத்ததில் ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை.

அவர் ஜொகூர்க் கரையையே பார்த்தார். சட்டைப் பையில் இருந்த நகத்தின்மேல் கையை வைத்திருந்தார்.

"புள்ள," என்றார் மெதுவாக. "அது தண்ணி குடிக்க வரல."

எனக்குப் புரிந்துவிட்டது.

"தெனமும் வந்து பாத்துருக்கு. அதோ, அங்கதான் அதோட காடு. நல்லா நீந்தும் புள்ள அது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா தானே போயிருக்கும்."

பின்னால் நாத்தனார் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அவகிட்ட சொல்லிராத," என்றார். இன்றுவரை நான் சொல்லவில்லை.