அளவெடுத்து ஜெபித்தவள்

மைக் அக்காவுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. அந்தப் பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். வேதக்கோயிலுக்குப் பின்னால் உள்ள சின்ன ஹாலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். அக்கா எழுந்து "ஆண்டவரே" என்று ஆரம்பித்தால் மின்விசிறிச் சத்தம் காணாமல் போய்விடும். எதிரே இருக்கும் சைக்கிள் கடைக்காரர் காற்றடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். அவருக்கு ஆண்டவர்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. அக்காமேல் உண்டு. தெருவில் யாருக்கு என்ன நடக்கிறது என்பதை அவர் அக்காவின் ஜெபத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

பிழைப்புக்கு அக்கா பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மிஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, மறைப்புக்கு ஒரு பூப்போட்ட திரை. பொத்தான் துளைக்குக் காஜா போட ஒரு அம்மாள் தினமும் வருவாள். அந்தக் காஜாக்காரம்மாவுக்குக் காது மந்தம் என்பதால், திரைக்குள் எடுக்கிற அளவை அக்கா வெளியே கேட்கும்படி கத்துவாள். "இடுப்பு முப்பத்தாறு! போன தடவை முப்பத்திநாலு!" திரைக்குள் நிற்கிறவளுக்கு மானம் போகும். ஆனால் தைத்து வருகிற துணி உடம்பில் ஒட்டவைத்ததுபோல் உட்காரும் என்பதால் யாரும் வேறு இடத்துக்குப் போனதில்லை.

ஜெபத்திலும் அக்காவுக்கு அதே முறைதான். பொத்தாம்பொதுவாக "வியாதியஸ்தர்களை ஆசீர்வதியும்" என்று சொல்லிவிட்டு உட்காருவது அவளுக்குப் பிடிக்காது. யார், எந்த வீடு, எந்தப் பக்கம் வலி, டாக்டர் என்ன சொன்னார், மாமியார் என்ன சொன்னாள், எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னால்தான் அவளுக்குத் திருப்தி. "கடைசி வீட்டு மாடியில இருக்குற தங்கச்சி ஆண்டவரே, புருஷன் ராத்திரி குடிச்சிட்டு வந்து செருப்போட கட்டில்ல படுக்குறாரே, அவரைத் தொட்டுத் திருத்தும்" என்று அவள் உருகினால், மறுநாள் தெருவே அந்த மனிதரின் செருப்பைத்தான் பார்க்கும்.

பாஸ்டரம்மா ஒருமுறை மெல்ல எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "அக்கா, ஆண்டவருக்கு எல்லாம் தெரியுமே. இவ்வளவு விவரமா சொல்லணுமா?"

"தெரியும்தாம்மா. அதுக்காக அளவே சொல்லாம துணியைக் கடாசிட்டுப் போனா, தைக்கிறவங்களுக்கு மரியாதையா இருக்குமா?"

பாஸ்டரம்மா பேச்சை மாற்றினார். அவருடைய துணியும் அக்காவிடம்தான் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அக்கா வம்புக்காக ஜெபிக்கிறவள் இல்லை. பிறர் கஷ்டத்தைக் கேட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. முன்பின் தெரியாதவளுக்காகக்கூடப் பட்டினி கிடந்து ஜெபித்திருக்கிறாள். ஜெபத்தில் அவள் விடுகிற கண்ணீர் சுத்தமான கண்ணீர். அதனால்தான் அவளை யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. வம்புக்காரி என்றால் வாயை மூடு என்று சொல்லிவிடலாம். அழுதுகொண்டே நம் வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறவளை என்ன செய்வது?

இதில் நன்றாக அடிபட்டவள் அவளுடைய சொந்த மருமகள்தான். மருமகள் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, சீருடை. அக்காவின் மகன் வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். வாயில்லாப் பூச்சி. வீட்டில் பேசவேண்டிய பங்கையெல்லாம் அம்மாவே பேசி முடித்துவிடுவதால் அவனுக்கு அந்தப் பழக்கமே வரவில்லை.

போன வருஷம் மருமகள் முழுகாமல் இருந்தாள். செவ்வாய்க்கிழமை அத்தையின் காதில் மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஹாலில் அக்கா அதை நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஜெபமாக ஏறெடுத்துவிட்டாள். நாள் தள்ளிப்போன கணக்கு, வாந்தி, டாக்டரம்மா கொடுத்த மாத்திரையின் நிறம் உட்பட. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் மருமகளின் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் பல்லைக் காட்டினார்கள்.

அந்தக் கரு தங்கவில்லை. அக்கா துடித்துப்போனாள். துடித்த துடிப்பில் அதையும் அடுத்த வெள்ளிக்கிழமை அளவு குறையாமல் ஜெபித்தாள். ஊரே ஆறுதல் சொல்லக் கிளம்பியது. பல் பிடுங்கிக்கொண்டு வந்த ஒருவர், வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டே மருமகளிடம், "எல்லாம் நன்மைக்குத்தாம்மா" என்றார். அவள் அவருக்குச் சில்லறையைக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்து அவள் அத்தையைத் திட்டவில்லை. அன்றிலிருந்து எதையும் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது, தண்ணீர் வரவில்லை, இந்த அளவோடு பேச்சு முடிந்துவிடும். அக்காவுக்கு அது பெரிய குறை. அதற்காகவும் ஜெபித்தாள். ஹாலில்தான்.

இந்த வருஷம் ஒரு புதன்கிழமை. மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் விடுமுறை, கடைவீதிக்குப் போயிருந்தாள். கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கையில் நீலப் பாவாடை வந்தது. மடித்தவள் நின்றாள். பிரித்துப் பார்த்தாள். இடுப்புப் பட்டியில் இருந்த தையல் அவளுடையது இல்லை. நெருக்கமான தையல், ஆண்கள் துணிக்குப் போடுகிற தையல். நூலும் வேறு.

அக்காவுக்குத் தலைக்கு ஏறியது. யாருடைய இடுப்பைப் பார்த்தாலும் ஒரு நிமிஷத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறவள், இந்த இடுப்பு ஏன் பிரிக்கப்பட்டது என்று யோசிக்கவில்லை. தன் வீட்டில் இரண்டு மிஷின் இருக்கும்போது துணி வெளியே போயிருக்கிறது என்பதுதான் அவள் கண்ணில் பட்டது. "பாத்தீங்களா, என் மருமக வேற தையக்காரர்கிட்ட போறா!" என்று காஜாக்காரம்மாவிடம் கத்திவிட்டு, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அந்தப் பக்கத்தில் அப்படித் தைக்கிறவர் ஒருவர்தான். கல்யாண மாப்பிள்ளைகளுக்குக் கோட்டு தைக்கிற வயசாளி. கோட்டுக்காரர் என்றே பெயர்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் அவர்.

"உக்கார வரல. இந்தத் தையல் உங்களோடதா?"

கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "ஆமா. ஏன், பிரிஞ்சிடுச்சா?"

"பிரியல. அதான் எனக்கு ஆத்திரமா இருக்கு. என் கையில என்ன குறைன்னு என் மருமக இங்க வந்தா?"

"குறைன்னு அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலையே. அத்தைக்குத் தங்கமான கைன்னுதான் சொல்லுச்சு."

"பின்ன?"

கோட்டுக்காரர் நெளிந்தார். இல்லாத நூலை மேசையிலிருந்து பொறுக்கினார். "சொல்ல மாட்டேன்னு அதுக்கு வாக்குக் குடுத்திருக்கேம்மா."

"என் வீட்டு விஷயத்துல உங்களுக்கு என்ன வாக்கு? சொல்லுங்க."

"அத்தைக்குத் தெரியவே கூடாது, தெரிஞ்சா ஜெபம் பண்ணிடுவாங்கன்னு சொல்லுச்சு."

அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. கோட்டுக்காரர் பயந்துபோனார். எழுந்து நின்று, தாழ்ந்த குரலில், "நான் சொன்னேன்னு வெள்ளிக்கிழமை ஜெபத்துல சொல்லிடாதீங்கம்மா. புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார்.

அப்போதுதான் அக்கா பாவாடையை மறுபடி விரித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் உள்ளே இருந்த துணியைக் கடைசிவரை பிரித்து விட்டிருந்தது. பின்னால் எலாஸ்டிக் வைத்திருந்தது. இன்னும் பெரிதாகும் என்று தெரிந்து செய்த வேலை. வயிற்றில் பால் வார்த்ததுபோலவும் இருந்தது, யாரோ நெஞ்சில் ஏறி மிதித்ததுபோலவும் இருந்தது. பிள்ளை உண்டாகியிருப்பதைத் தெருமுனைக் கோட்டுக்காரர் முதலில் தெரிந்துகொண்டார். வீட்டில் இருக்கிற தனக்குச் சொல்லாததற்குக் காரணம் தன் ஜெபம். மனிதர்கள் வியாதிக்குப் பயப்படுவார்கள், கடன்காரனுக்குப் பயப்படுவார்கள். தன் மருமகள் ஜெபத்துக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அக்காவுக்கு அழுகை முட்டியது. ஆனால் நடுத்தெருவில் அழுதால் ஏன் என்று கேட்பார்களே என்று முதல் தடவையாகத் தோன்றியது. அழாமல் வந்து சேர்ந்தாள். பாவாடையை எடுத்த இடத்திலேயே மடித்து வைத்தாள்.

இரண்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை. மகன்கூடக் கவனித்துவிட்டு, "தொண்டை கட்டிக்கிச்சாம்மா?" என்றான். மருமகள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அதைக் குடிக்கும்போது டம்ளருக்கு மேலாக அக்கா மருமகளின் முகத்தை மட்டும் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் கண் போகாமல் இருக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹாலில் எல்லாருடைய விண்ணப்பமும் முடிந்து அக்காவின் முறை. பெண்கள் வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். எதிரே சைக்கிள் கடையில் காற்றடிக்கும் சத்தம் நின்றது.

"ஆண்டவரே" என்றாள் அக்கா.

அதற்குமேல் வரவில்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று வாய் நமநமத்தது. போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாதே என்ற பயம் தடுத்தது. இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமையை எப்படிக் கடப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க வீட்டுல..." என்றாள்.

நாற்காலிகள் முன்னால் நகரும் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுல எல்லாரும் சுகம். மத்ததெல்லாம் உமக்குத் தெரியும். ஆமென்."

உட்கார்ந்துவிட்டாள். அந்த ஹாலில் அப்படி ஒரு குட்டி ஜெபத்தை யாரும் கேட்டதில்லை. பாஸ்டரம்மாவே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அக்காவுக்கு ஏதோ பெரிய ஆபத்து என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். அன்பான பெண்கள். சும்மா விடுவார்களா? காஜாக்காரம்மா எழுந்தாள். காது கேளாதவளுக்கே உரிய குரலில், அக்காவிடம் கற்ற முறையில், ஒன்று விடாமல் ஜெபித்தாள்.

"ஆண்டவரே, எங்க அக்காவைப் பாரும். புதன்கிழமை மத்தியானம் பாவாடையைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்களே, அப்ப இருந்து பேச்சில்ல. மருமக வேற தையக்காரர்கிட்ட போறா. அத்தை கை பட்ட துணிகூட வேணாம்னு ஆயிடுச்சே ஆண்டவரே! அக்கா குணம் உமக்குத் தெரியும், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. அந்தப் பொண்ணு என்ன பாடு படுதோ! மாமியார் மனசை இளக்கும்!"

"ஆமென்" என்றார்கள் எல்லாரும், மனசாரவே. இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதுமடல் தீயாக எரிந்தது. திரைக்குள் நின்று அளவு கொடுக்கிறவளின் நிலைமை என்ன என்பது அவளுக்கு இத்தனை வருஷம் கழித்து விளங்கியது. ஒரே ஒரு வாக்கியம் போதும், மாமியார் கொடுமைக்காரி என்ற பழி போய்விடும். மருமகள் முழுகாமல் இருக்கிறாள், அதனால்தான் என்று சொன்னால் இதே பெண்கள் எழுந்து வந்து கட்டிக்கொள்வார்கள். வாய்க்குள் நாக்கு புரண்டது. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்ளுக்குள் மட்டும், அந்தக் குழந்தை தங்கட்டும் ஆண்டவரே, இவங்க என்னை என்ன வேணாலும் சொல்லிக்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எந்த வீடு, எத்தனை மாசம் என்று சொல்லவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒவ்வொருத்தியும் அவள் கையைப் பிடித்து, "மருமகளை அனுசரிச்சுப் போங்கக்கா" என்றாள். "சரிம்மா" என்று எல்லாருக்கும் சொன்னாள்.

மருமகள் வேலை முடிந்து வந்தபோது அக்கா மிஷினில் இருந்தாள். காஜாக்காரம்மா போய்விட்டிருந்தாள். மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"சைக்கிள் கடைக்காரர் வழியில பிடிச்சுக்கிட்டாரு அத்தை. உனக்கும் அத்தைக்கும் ஆகலையாமேன்னு கேட்டாரு."

அக்கா மிஷினை நிறுத்தவில்லை. "அந்த ஆளுக்கு வேற வேலை என்ன?"

"நீங்க அங்க ஒண்ணுமே சொல்லலையாமே. அவருக்கு ரொம்ப ஏமாத்தமாப் போச்சாம்."

"சொன்னேனே. எல்லாரும் சுகம்னு சொன்னேன்."

மருமகள் மிஷின் பக்கம் வந்தாள். "அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? தையல் தெரியும்."

மருமகள் உள்ளே போனாள். அவ்வளவுதான் என்று அக்கா நினைத்தாள். மிஷின் ஊசியில் நூல் அறுந்துபோனது. கண் மங்கலாக இருந்ததால் மறுபடி கோக்க முடியவில்லை. ஈர நுனியைத் திரித்துத் திரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூப்போட்ட திரை விலகும் சத்தம் கேட்டது. மருமகள் நீலப் பாவாடையோடு திரைக்குள் நின்றுகொண்டிருந்தாள். சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"கோட்டுக்காரர் தையல் இடுப்புல குத்துது அத்தை. நீங்களே பிரிச்சுத் தைச்சுக் குடுங்க. இன்னும் அஞ்சு மாசம் தாங்கணும்."

அக்கா எழுந்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து மருமகளின் இடுப்பைச் சுற்றினாள். வாய் வழக்கப்படி அளவைக் கத்தத் திறந்தது. உடனே மேசையிலிருந்து நாலைந்து குண்டூசிகளை எடுத்து உதட்டுக்குள் கடித்துக்கொண்டாள். மண்டியிட்டுத் துணியை மடித்துப் பிடித்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

மருமகள் குனிந்து பார்த்தாள். "அத்தை, அளவைச் சொல்லிப் பாக்குறீங்களா, ஜெபம் பண்றீங்களா?"

வாயில் ஊசி இருந்ததால் அக்கா பதில் சொல்லவில்லை.