தாழ்ப்பாள்

படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேனில்தான் நாங்கள் மூவரும் ஊர் ஊராக வாழ்கிறோம். சென்ற கோடையில் பசுவந்தனைக்கு அருகே, வெடித்துக் கிடந்த கரிசல் காட்டில், ஓடைக்கரையோரம் வண்டியை நிறுத்தியிருந்தோம். மதியம் திடீரென்று மழை கொட்டியது. பாறை போலிருந்த மண் களியாகி, சக்கரங்கள் புதைந்தன. கணவர் டிராக்டர் தேடி ஓடினார். இடிக்குப் பயந்து நானும் மகளும் உள்ளேயே இருந்தோம். வண்டி மெல்ல ஓடைப்பக்கம் சாய, தட்டுகள் சரிந்து விழுந்தன.

அப்போது அரிவாளோடு இரண்டு பெண்கள் எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். நான் கதவைத் தாழிட்டேன்.

அவர்களோ தங்கள் விறகுக்காகக் கட்டி அடுக்கியிருந்த பருத்திமார்க் கட்டுகளை அறுத்து, காய்ந்த செடிகளை அள்ளி, புதைந்த சக்கரத்தடியில் திணித்தார்கள். ஒருத்தி கண்ணாடியில் அறைந்தாள்.

“ஏம்மா, புள்ளையத் தூக்கிட்டு எறங்கு! வண்டி சாயுதுல்லா!”

சாய்ந்த வண்டியில் தாழ்ப்பாள் இறுகிவிட்டது. மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். இரண்டு கையாலும் இழுத்தேன், அசையவில்லை. வெளியே அவர்கள் தோள்கொடுத்து வண்டியைத் தாங்க, ஒருவழியாகத் திறந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

“அடுப்புக்கு வச்சிருந்த வெறகாச்சே, அக்கா” என்றேன்.

“அது கெடக்கட்டும். புள்ள நடுங்குதா பாரு” என்று ஒருத்தி தன் சேலை முந்தியைப் பிழிந்து மகளின் தலையைத் துவட்டினாள்.

முன்பெல்லாம் படுக்குமுன் தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். இப்போது, அது திறக்கிறதா என்று பார்க்கிறேன்.