யன்னல் திறக்காத பெட்டியில் கருவாடு

நாங்கள் ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்யும் குடும்பம். இதய சத்திரசிகிச்சை செய்த என் கணவரை மாதம் ஒருமுறை கொழும்பில் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். சாதாரணப் பெட்டியில் வெக்கை தாங்காமல் ஒருமுறை மயங்கியே விழுந்துவிட்டார். அதனால் எங்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் ரயிலில் ஏசிப் பெட்டி விட்டதும் முதல் ஆளாகப் போய் இடம் பதிந்தேன்.

வழக்கம்போல கொழும்பில் இருக்கும் மகளுக்குக் கருவாட்டுப் பொதி ஒன்று கட்டி, இருக்கைக்கு மேலே இருந்த தட்டில் வைத்தேன். இத்தனை வருடமும் அதன் மணம் யன்னல் காற்றோடு போய்விடும். இங்கே யன்னலே திறக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை. ரயில் புறப்பட்டுக் கொடிகாமம் ஸ்டேசன் தாண்டுமுன் எல்லோரும் மூக்கைப் பொத்திவிட்டார்கள்.

"ஆரெண்டு பாத்து இறக்கி விடுங்கோ!" என்று ஒருவர் கத்தினார். என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. இறக்கிவிட்டால் கிளினிக் தவறிவிடுமே!

ரயில் கார்ட் வந்தார். "என்ரைதான் அண்ணை. யோசிக்காமல் கொண்டு வந்திட்டன்" என்றேன்.

"ஆளை ஏன் இறக்கோணும்? பொதியைத் தாங்கோ அக்கா" என்று வாங்கித் தன் அறைக்குக் கொண்டு போனார்.

கொழும்பில் திருப்பித் தந்தபோது, "இந்த மணத்துக்கு வழி முழுக்கப் பசியோடைதான் வந்தனான்" என்று சிரித்தார். நாலு சீலாக் கருவாடு எடுத்துக் கொடுத்தேன். என் கணவரும் அன்று களைப்பில்லாமல் கிளினிக் படியேறினார்.

இப்போது கருவாட்டை வீட்டிலேயே பொரித்து, இறுக மூடும் வாளியில் போட்டுத்தான் ரயிலேறுகிறேன். வாளிக்குள் மேலாக ஒரு சின்னப் பொதி தனியாக இருக்கும். அது அந்தக் கார்ட் அண்ணையின் பங்கு.