அப்பாவின் பெருவிரல்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை. காரணம் அப்பாவின் வலது கால் பெருவிரல்.

அப்பா தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். நாங்கள் குடியிருந்தது மயிலாப்பூரில், குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷன். ஒரு விடியற்காலையில் அப்பா போட்ட சத்தத்தில் நான் எழுந்து உட்கார்ந்தேன். பூரான் கடித்துவிட்டது என்று நினைத்து அம்மா பாயை உதறினாள், தலையணை உறையைக்கூடத் திருப்பிப் பார்த்தாள். பூரான் எதுவும் இல்லை. விரல் மட்டும் வீங்கி, கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. மின்விசிறிக் காற்று பட்டாலே உயிர் போகிறது என்று அந்த மே மாதத்தில் விசிறியை நிறுத்தச் சொன்னார்.

லஸ் பக்கம் இருந்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, யூரிக் ஆசிட் என்றார். உடம்பில் மிஞ்சிப்போகும் உப்பு ஊசி ஊசியாக மூட்டில் போய்ப் படிகிறதாம். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு மாத்திரை, நிறையத் தண்ணீர். ஈரல், மூளை, ஆட்டுக்கால், நெத்திலி, பீர் எதுவும் கூடாது. கீழ்வீட்டு மாமி செய்தியைக் கேட்டதும், "எங்காத்துல யாருக்கும் இதெல்லாம் வந்ததில்லை" என்றாள். அதை ஆறுதலாகச் சொன்னாளா என்று அம்மாவுக்கு அன்றே சந்தேகம்.

அன்றிலிருந்து எங்கள் சமையலறை சுரைக்காயின் ஆட்சிக்குள் வந்தது. சுரைக்காய் இல்லாத நாளில் புடலங்காய். மாத்திரையை அம்மாவே உரித்துக் கையில் கொடுத்து, விழுங்கி முடிக்கும்வரை நின்று பார்ப்பாள். நாங்கள் தெற்கத்திக்காரர்கள், கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அப்பா அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் முணுமுணுக்காமல் சாப்பிட்டார். அந்த அடக்கம்தான் அம்மாவுக்கு முதலில் உறுத்தியது.

அடுத்த மாதமே விரல் மறுபடி வீங்கியது. அதற்கடுத்த மாதமும்.

"எங்க போய் என்னத்தத் தின்னுட்டு வந்தீங்க?"

"சத்தியமா ஒண்ணும் திங்கல."

அம்மா நம்பவில்லை. கடையிலிருந்து வரும் சட்டையை முகர்ந்து பார்த்த பிறகுதான் ஊறப் போடுவாள். சோறு பரிமாறும்போது அப்பாவின் நகக்கண்ணில் மசாலா இருக்கிறதா என்று பார்ப்பாள். கடைசியில் அவள் சந்தேகம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்து நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் நான்கு மணிக்கு, "கிண்டில சரக்கு வந்திருக்கு, பாத்துட்டு வாரேன்" என்று அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை எந்தக் குடோன் திறந்திருக்கும் என்று அம்மா கேட்கவில்லை. கேட்காமல் என்னை அனுப்பினாள்.

"பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. லீவு நாள் பூரா டிவி முன்னாலயே கெடக்கா" என்று அப்பாவிடம் சொன்னாள். சமையலறையில் எனக்குத் தலை பின்னிவிட்டபோது வேறு பேச்சு. "என்ன திங்காருன்னு மட்டும் பாரு. நீயா ஒண்ணும் கேக்காத."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றுகொண்டு, அப்பாவின் கண்கள் எந்த ஓட்டல் பலகையில் நிற்கின்றன என்று கண்ணாடியில் கவனித்துக்கொண்டே போனேன். அவர் எதையும் பார்க்கவில்லை. வழியில் நிறுத்தி எனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கித் தந்தார். பள்ளித் தோழி வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறாயா, திரும்பும்போது கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். நான் மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு வண்டி கிண்டிக்கு நேர் எதிர்த்திசையில், சாந்தோம் பக்கம் திரும்பியது.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. கடற்காற்றில் கருவாட்டு வாசனை. குறுகிய மாடிப்படியில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்து ஏறினார். கதவுக்கு வெளியே ஓர் ஆணின் செருப்பு கிடந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

அப்போது எனக்கு உலக ஞானமெல்லாம் சீரியல்களிலிருந்து வந்தது. அப்பாவுக்குச் சின்ன வீடு இருக்கிறது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அவள் "வாண்ணே" என்றாள். சீரியல்களில் ஏமாற்றுவதற்காக அண்ணன் என்றும் சொல்வார்கள் என்பதால் நான் அசையவில்லை. அவள் என்னைப் பார்த்ததும் குனிந்தாள். பிறகு என் தாடையைத் தொட்டு, "அப்படியே மதினி மூஞ்சி" என்றாள்.

"உங்க அத்தை" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

எனக்கு அத்தை இருப்பதாக அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் அவளுடைய மூக்கு அப்பாவின் மூக்கு; அதை மறுக்க வழியில்லை. சுவரில் ஏசுநாதர் படம், அதைச் சுற்றி மினுக்கும் சின்ன விளக்குகள். செருப்புக்குச் சொந்தக்காரர் அன்று முழுவதும் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. ஒருமுறை இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

"சுளுக்கு இன்னும் விடலையாண்ணே? நொண்டிட்டுல்ல வார" என்று அத்தை கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் ஒரு பெரிய டம்ளரோடு வந்தாள். "ஆட்டுக்கால் சூப். வெங்காயத்தச் சுட்டுத் தட்டிப் போட்டிருக்கேன். விடாம குடி. காலுக்கு இதவிடப் பலம் வேற இல்ல."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அதட்டும் பார்வையும் அல்ல, கெஞ்சும் பார்வையும் அல்ல. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

திரும்பும் வழியில் ஒரு சிக்னலில், "அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தார். பச்சை விழுந்துவிட்டது. அவர் முடிக்கவில்லை.

என்ன சாப்பிட்டீர்கள் என்று அம்மா கேட்டபோது நான் ரோஸ் மில்க் என்றேன். நான் குடித்தது அதுதானே.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் விரல், பாதம், கணுக்கால் எல்லாம் வீங்கிவிட்டன. அடியெடுத்து வைக்க முடியாமல் அப்பா கட்டிலில் கிடந்தார். அம்மா தலைமாட்டில் நின்று கேட்கத் தொடங்கினாள். கேள்விக்கு மேல் கேள்வி. கடைசியில் அப்பா கத்தினார்.

"ஆமா, பிரியாணி தின்னேன். போதுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செய்யாத குற்றத்தை ஒருவர் இவ்வளவு சத்தமாக ஒப்புக்கொள்வதை நான் பார்த்ததில்லை. அம்மா துவைக்கும் துணிகளைக் கிளறி, அந்தக் கைக்குட்டையை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். அவள் முகத்தில் கோபம் இறங்கி வேறு ஏதோ ஏறியது. கைக்குட்டையைத் துவைக்காமல் கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். என்னை அவள் எதுவுமே கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். அம்மா அப்பாவைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துக் கேட்டாள். "ஆட்டுக்கால் சூப் குடிச்சா இது வருமா டாக்டர்?"

அப்பா சுவரிலிருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினார்.

"அது கூடவே கூடாதும்மா" என்றார் டாக்டர். "ஆனா அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். இந்த மாத்திரை ஆரம்பிச்ச முதல் சில மாசம், ஒழுங்கா பத்தியம் இருந்தாலும் வலி வரும். படிஞ்ச உப்பு கரையுதில்ல? பயந்துபோய் நிறுத்திடாதீங்க. அதுவரைக்கும் கூட ஒரு மாத்திரை தரேன்."

அப்பாவின் வயிற்றைச் சந்தேகித்ததில் பாதியாவது வீண் என்று ஆகிவிட்டது. அம்மா அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, "வா, வழி காட்டு" என்றாள். அப்பா கட்டிலிலிருந்து எழப் பார்த்தார்; கால் விடவில்லை.

"சர்ச்சுக்குப் பின்னாடின்னா எந்தப் பக்கம்மா? அங்க நாலு சந்து கீது" என்றார் ஆட்டோக்காரர். நான் எட்டிப் பார்த்து வழி சொன்னேன்.

அத்தை கதவைத் திறந்தாள். அம்மாவைக் கண்டதும் கதவிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"என்னைய வரக்கூடாதுன்னு சொன்னவரு, இங்க வாராவாரம் வந்துட்டுப் போறாரு" என்றாள் அம்மா. "நீ வேற மதத்துல கட்டிக்கிட்டன்னு உன் பேரக்கூட எடுக்கக்கூடாதுன்னாரு. அந்த வீட்டுல பச்சத் தண்ணி தொடமாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாரு. நானும் வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

"மதினி, உள்ள வாங்க."

"சுட்ட வெங்காயம் போட்டு சூப்பு வைக்கிறது நீ ஒருத்திதான். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான. மோந்ததும் தெரிஞ்சிபோச்சு."

உள்ளே அடுப்பில் அது கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அப்பாவின் நோயைச் சொன்னாள். அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சுளுக்குன்னுல்ல சொல்லிச்சு. நான்தான் ஊத்தி ஊத்தி..." என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன்னால மட்டும் இல்லையாம். டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள் அம்மா. பிறகு அடுப்பை அணைத்து, ஒரு டம்ளரைத் தானே எடுத்துக் கரண்டியால் ஊற்றினாள். "வச்சத வீணாக்கவா முடியும்?" என்று சொல்லி நின்றபடியே குடித்தாள். உள்ளறையிலிருந்து அன்று அந்த மனிதர் வெளியே வந்து, எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம். தீபாவளிக்கு அத்தையும் மாமாவும் வீட்டுக்கு வந்தார்கள். கீழ்வீட்டு மாமி படியில் நின்று பார்த்தாள். வலி வருவது குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றது. அப்பா இன்றைக்கும் அந்த மாத்திரையைப் போடுகிறார். அத்தை அவருக்கென்று தனியாகக் கோதுமைக் கஞ்சி காய்ச்சி எடுத்து வருவாள். அதை அவர் ரசித்துக் குடிக்கிறார் என்பதை மட்டும் நான் நம்புவதில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையை. நாங்கள் திரும்பி வந்தபோது அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். அம்மா சேலை மாற்றப் போனதும் என்னைக் கையசைத்து அருகில் கூப்பிட்டார். பெரிய சண்டையா, யார் அழுதார்கள் என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தயாராக நின்றேன்.

"அம்மா அங்க ஏதாவது சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

"சூப் குடிச்சாங்க. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கால் ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் நம்பவில்லை, அப்பா மறுபடியும் பொய் சொல்கிறார் என்று கத்திக்கொண்டே அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.